சுவர்ப் பிளக்கிலிருந்து தொடங்கும் கணக்கு

வீட்டுக்குக் கணினி வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி ப்ராசஸரைப் பற்றியது. “ஐ5 போதுமா, ஐ7 போட்டுவிடலாமா?” அது முடிவான பிறகே மற்றவை பேச்சுக்கு வரும். மிச்சக் காசில் மதர்போர்டு, அதில் மிஞ்சியதில் ரேம், கடைசியில் கேபினெட்டோடு சேர்த்தே தரப்படும், எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கிப் பெட்டி. சென்னை ரிச்சி தெருவில் பட்டியல் போடுகிறவரும் இந்த வரிசையில்தான் போடுகிறார். ஸ்ரீபெரும்புதூரிலோ சுங்குவார்சத்திரத்திலோ ஒரகடத்திலோ மகளுக்காகக் கணினி விசாரிக்கும் சிப்காட் தொழிலாளியும் இந்த வரிசையில்தான் கேட்கிறார். ப்ராசஸரின் பெயர்தான் கணினியின் தகுதி என்ற எண்ணம் அந்த அளவுக்கு ஊறிப்போயிருக்கிறது.

இதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. கணக்கு அத்தனையும் நடப்பது ப்ராசஸரில்தான். அதன் வேகம் ஆண்டுக்கு ஆண்டு தாவிக்கொண்டிருந்த காலமும் ஒன்று உண்டு. 1993-இல் முதல் பென்டியம் 60 மெகாஹெர்ட்ஸில் வந்தது. 2000 மார்ச்சில் ஏ.எம்.டி.யும் இன்டெலும் சில நாள் இடைவெளியில் 1000 மெகாஹெர்ட்ஸைத் தொட்டன. ஏழே ஆண்டில் ஏறத்தாழ பதினேழு மடங்கு. அப்போது ப்ராசஸரை முன்வைத்து வாங்கியவர் தவறு செய்யவில்லை. இன்னொரு வாதமும் உண்டு, அதுதான் வலுவானது: ரேமையும் டிஸ்க்கையும் பிறகு கூட்டிக்கொள்ளலாம், ப்ராசஸரை அடிக்கடி மாற்ற முடியாது, ஆகவே கையில் காசு இருக்கும்போதே அதில் போட்டுவிட வேண்டும். சம்பளத்தில் ஒதுக்கியோ தவணையிலோ ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை கணினி வாங்கும் குடும்பம் இப்படி யோசிப்பதில் வியப்பில்லை.

ஆனாலும் முடிவு தவறு. வரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். சுவரில் உள்ள பிளக்கில் தொடங்கி மின்சாரம், வெப்பம், மதர்போர்டு, டிஸ்க், ரேம் என்று வந்து ப்ராசஸரில் முடிய வேண்டிய கணக்கு இது. அப்படிச் சொல்வதற்குக் காரணங்கள் ஏழு.

1. ஐ7 என்பது எதன் அளவு? வேகத்தின் அளவு என்றுதான் வாங்குகிறவர் நினைக்கிறார். அது ஒரு விலைத் தட்டின் பெயர், அவ்வளவுதான். முதல் ஐ7 வந்தது 2008 நவம்பரில். அதன் பிறகு பத்துக்கும் மேற்பட்ட தலைமுறைகள் அதே பெயரில் வந்துவிட்டன. 2011-இல் வந்த ஐ7-2600-இல் கோர் நான்கு, ஒரே நேரத்தில் ஓடும் இழைகள் எட்டு. 2022-இல் வந்த ஐ3-12100-இலும் அதே நான்கு, அதே எட்டு. ஆனால் ஒரு கோர் ஒற்றையாகச் செய்யும் வேலையில் பின்னது ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். மின்சாரமும் குறைவு: பழையது 95 வாட், புதியது 60 வாட். தட்டில் மிகக் கீழே இருக்கும் பெயர், மேலே இருந்த பெயரை எளிதாகத் தோற்கடிக்கிறது.

இது ஏட்டுக் கணக்கு என்று எண்ண வேண்டாம். அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகள் துடைத்து, புதுக் கேபினெட்டில் போட்டு, ‘ஐ7 செட்’ என்ற அட்டையோடு விற்பனைக்கு வருகின்றன. குறைந்த விலையில் பெரிய பெயர் கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. ஒரு சில விதிவிலக்குகள் போக, விண்டோஸ் 11 இன்டெலில் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசஸர்களை ஏற்பதில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் அது கேட்கிறது. கடைக்காரர் அந்தச் சோதனையைத் தாண்டவைத்து விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தரலாம். அதற்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்காது. வங்கிக் கணக்கையும் பிள்ளையின் சான்றிதழ்களையும் அதில் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் அன்று. லினக்ஸ் போட்டு ஓட்டுவோருக்கு அந்தப் பெட்டி இன்னும் பயன்படும். விற்கிறவர் அதைச் சொல்லி விற்பதில்லை.

மடிக்கணினியில் இந்தக் குழப்பம் இன்னும் மோசம். ஒரே 7-ஆம் தலைமுறையில் மடிக்கணினிக்கான ஐ7-7500யூவில் கோர் இரண்டு; மேசைக் கணினிக்கான ஐ5-7500-இல் கோர் நான்கு. இத்தனை ஆண்டு மக்கள் நெஞ்சில் பதியவைத்த ‘ஐ’ என்ற எழுத்தை 2023-இல் இன்டெல் நிறுவனமே கைவிட்டு, கோர் அல்ட்ரா 5, 7, 9 என்று பெயரை மாற்றிக்கொண்டது. பெயரை நம்பி மட்டும் வாங்கியவர் கையில் இப்போது அந்தப் பெயரும் இல்லை.

2. காத்திருப்பது எங்கே? கணினி ‘ஸ்லோ’ என்று புலம்புகிறவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று கவனித்தால் விஷயம் விளங்கும். பொத்தானை அழுத்திய பின் திரை வருவதற்கு, பிரவுசர் திறப்பதற்கு, கோப்பு ஏறுவதற்கு. இந்த நேரங்களில் பெரும்பாலும் ப்ராசஸர் சும்மா இருக்கிறது, டிஸ்க்தான் திணறுகிறது.

கணக்கு எளிது. மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5400 சுற்று சுழலும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. தேவையான இடம் ஊசிக்குக் கீழே வர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி விநாடி. அதற்கு முன் ஊசி தடம் மாறி நகர இன்னொரு 12 மில்லி விநாடி. ஆக, சிதறிக் கிடக்கும் ஒரு துண்டைப் படிக்க 17 மில்லி விநாடிக்கு மேல்; ஒரு விநாடிக்கு அறுபது துண்டைக்கூட எட்ட முடியாது. விண்டோஸ் எழும்போது இப்படி ஆயிரக்கணக்கான துண்டுகளைக் கேட்கிறது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி அதே துண்டை ஒரு மில்லி விநாடியின் பத்தில் ஒரு பங்கில் எடுத்துக் கொடுத்துவிடும். ஐ5-ஐ ஐ7 ஆக்கினால் கிடைக்கும் முன்னேற்றத்தைச் சதவீதத்தில் சொல்லலாம். ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டி ஆக்கினால் அதை மடங்கில்தான் சொல்ல வேண்டும்.

இதற்குச் சான்று ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியின் வீடுகளிலேயே இருக்கிறது. 2011 செப்டம்பரில் திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கிவைக்கப்பட்ட அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் வழியாக வாங்கிப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்த கணினிகள் ஹார்ட் டிஸ்க்குடன் வந்தவை. அவற்றில் பல இன்று பரணில் கிடக்கின்றன. ‘பழைய ப்ராசஸர், இனி ஒன்றுக்கும் உதவாது’ என்பதுதான் வீட்டுத் தீர்ப்பு. பின்பக்க மூடியைக் கழற்றி, இரண்டு திருகை எடுத்து, ஹார்ட் டிஸ்க்கை உருவி, அதே இடத்தில் அதே அளவுள்ள இரண்டரை அங்குல எஸ்எஸ்டியைச் செருகி, இன்னொரு ரேம் பட்டையும் போட்டு, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை ஏற்றினால், பாடம் படிக்கவும் தமிழில் தட்டச்சு செய்யவும் விண்ணப்பம் போடவும் அது இன்றும் போதும். ப்ராசஸர் அப்படியேதான் இருக்கிறது.

ரேமிலும் இதே கதை. ஒரே 16 ஜிபி பட்டைக்குப் பதில் இரண்டு 8 ஜிபி பட்டைகளை உரிய இரண்டு துளைகளில் போட்டால், மதர்போர்டு இரண்டு தடத்திலும் ஒருசேரப் படிக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல், ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸை நம்பி ஓடும் வீட்டுக் கணினியில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். அந்த கிராபிக்ஸ் படங்களை வைத்து எடுப்பதே ரேமில்தான்.

3. எந்த வேலைக்கு? ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை வட்டாரத்தில் பொறியியல் படிக்கும் பிள்ளைக்குக் கணினி வாங்கும்போது, ‘கேட் வரையணும், அதனால ஐ9’ என்ற அறிவுரை தவறாமல் வந்துவிடும். கார், டயர், பைக், கண்ணாடி என்று ஆலைகள் நிறைந்த இடத்தில் டூல் டிசைனும் சி.என்.சி. புரோகிராமும் சோறு போடும் படிப்புகள். ஆகவே இந்த அறிவுரையை உரசிப் பார்த்தே ஆக வேண்டும்.

சாலிட்வொர்க்ஸ் போன்ற மென்பொருளில் ஒரு பாகத்தை வரையும்போது ஒவ்வொரு வடிவமும் தனக்கு முந்தைய வடிவத்தைச் சார்ந்திருக்கிறது. முதலில் அச்சு, பிறகு துளை, துளையின் விளிம்பில் சரிவு. துளை எங்கே என்று முடிவாகாமல் சரிவைக் கணக்கிட முடியாது. ஆகவே பெரும்பகுதி வேலை ஒற்றை வரிசையில், ஒரு கோரிலேயே ஓடுகிறது. எட்டுக் கோரோ பதினாறோ, மற்றவை பார்த்துக்கொண்டு நிற்கும். முடிந்த பாகத்தைப் படமாக மெருகேற்றும்போதும், அழுத்தச் சோதனையைக் கணினியிலேயே ஓட்டும்போதும் கோர்களின் எண்ணிக்கை உதவும், உண்மைதான். படிக்கும் பிள்ளை நாளில் எத்தனை நேரம் எதைச் செய்கிறது என்பதே கேள்வி. வரைவதுதான் பெரும்பொழுது என்றால், புதிய தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, பெரிய நல்ல மானிட்டர் என்ற கூட்டு, பழைய ஐ9-ஐ விட அந்தப் பிள்ளைக்கு நல்லது. எட்டு மணி நேரம் கண் பார்ப்பது மானிட்டரைத்தான். பட்டியலில் அதற்கு எப்போதும் கடைசி இடமே கிடைக்கிறது என்பது வருத்தமான விஷயம்.

4. சுவரில் என்ன வருகிறது? ஏழு காரணங்களில் முதன்மையானது இதுதான். ப்ராசஸர் முதல் எஸ்எஸ்டி வரை பெட்டிக்குள் உள்ள ஒவ்வொரு பாகமும் எஸ்.எம்.பி.எஸ். தரும் மின்சாரத்தைத்தான் குடிக்கிறது. அதற்குக் கடைசிச் சில நூறு ரூபாயை ஒதுக்குவது, வீடு கட்டி முடித்துவிட்டு மிஞ்சிய சிமெண்டில் அஸ்திவாரம் போடுவதற்குச் சமம்.

கேபினெட்டோடு வரும் மலிவுப் பெட்டியின் முகப்பில் ‘450 வாட்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கவாட்டு லேபிளைப் படிக்க வேண்டும். அதில் 12 வோல்ட் வரிசையில் 14 ஆம்பியர் என்று இருந்தால், 12-ஐ 14-ஆல் பெருக்க, 168 வாட். இன்றைய ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுவதையும் இழுப்பது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். 3.3 வோல்ட்டும் 5 வோல்ட்டும் சேர்ந்து மிச்சக் கணக்கை நிரப்பி 450 என்று காட்டுகின்றன. அந்த வரிசைகளில் இன்று பெரிய தேவை கிடையாது. ஐ5-12400 முழுமூச்சில் 117 வாட் வரை இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 170 வாட். இரண்டும் சேர்ந்தால் 287. லேபிளில் இருப்பதோ 168. விளையாட்டின் நடுவில் திரை கறுத்து அணைந்தால், ‘ப்ராசஸர் பத்தலை’ என்கிறார்கள். அடுத்த சம்பளத்தில் இன்னும் பெரிய ப்ராசஸர், இன்னும் அதிக இழுப்பு, அதே பெட்டி. இந்த எண்ணம் வாங்கும்போது மட்டும் ஏமாற்றவில்லை, பழுது பார்க்கும்போதும் தவறான இடத்தைக் காட்டுகிறது.

‘80 ப்ளஸ்’ முத்திரை இருந்தால் போதும் என்று சொல்வோரும் உண்டு. அந்த முத்திரை, சுவரிலிருந்து எடுத்த மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதை மட்டும் அளக்கிறது. மின்னழுத்தம் தாவினால் பெட்டி தன்னை அணைத்துக்கொள்ளுமா, ஷார்ட் ஆனால் மதர்போர்டைக் காப்பாற்றுமா என்பதெல்லாம் வேறு சோதனைகள். முத்திரை இல்லாததை விட இருப்பது நல்லது. அதோடு நின்றுவிடக் கூடாது.

அடுத்து இன்வெர்ட்டர். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தக் கண நேரத்தில் கணினி மட்டும் அணைந்து மீண்டும் எழுகிறது. ஃபேனும் லைட்டும் நிற்பதில்லை. காரணம் ப்ராசஸரில் இல்லை. ஏடிஎக்ஸ் விதிப்படி, சுவரில் மின்சாரம் நின்ற பிறகும் எஸ்.எம்.பி.எஸ். சுமார் 16 மில்லி விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். அதற்காகத்தான் உள்ளே ஒரு பெரிய கெபாசிட்டர். மலிவுப் பெட்டியில் முதலில் சிறுப்பது அந்தக் கெபாசிட்டர்தான். பல வீட்டு இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் ‘யூபிஎஸ்’, ‘நார்மல்’ அல்லது ‘ஈகோ’ என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். நார்மலில் மாறும் நேரம் நீளம், ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது போதும். கணினிக்கு அதை யூபிஎஸ் பக்கம் தள்ள வேண்டும். ஒரு விரல் செய்யும் வேலைக்குப் பல வீடுகளில் புதுக் கணினி வாங்கிவிடுகிறார்கள். தனியாக யூபிஎஸ் வாங்குவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: வீடுகளில் அதிகம் காணும் 600 விஏ யூபிஎஸ் தருவது சுமார் 360 வாட்தான். கிராபிக்ஸ் கார்டும் மானிட்டரும் சேர்ந்தால் அந்த எல்லை அருகில் வந்துவிடும்.

பிறகு எர்த். வாடகை வீட்டில் கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் விரலில் சுர்ரென்று ஏறுகிறது என்பது பலரும் அறிந்த அனுபவம். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாயிலில் உள்ள வடிகட்டிக் கெபாசிட்டர்கள் ஃபேஸையும் நியூட்ரலையும் கேபினெட்டின் உடலோடு இணைக்கின்றன. அந்தச் சிறு கசிவு எர்த் கம்பி வழியே மண்ணுக்குப் போய்விட வேண்டும். மூன்றாம் துளையில் கம்பியே இல்லாத வீட்டில் அது போக வழியின்றிக் கேபினெட்டிலேயே நிற்கிறது: 230 வோல்ட்டில் பாதி, அதாவது 115 வோல்ட் அளவில். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் பெரும்பாலும் சுர்ரென்பதோடு போகிறது. ஆனால் அந்த நிலையில் மானிட்டர் கேபிளையோ டிவியின் கேபிளையோ சொருகும்போது அந்த வோல்ட்டேஜ் போர்ட்டின் வழியே பாய்ந்து போர்ட்டையே கொன்றுவிடக்கூடும். எர்த் இல்லாத வீட்டில் ஐ7 வாங்கும் காசில் ஒரு பகுதியை எலக்ட்ரீஷியனுக்குக் கொடுப்பதே முதல் செலவு. வீட்டுக்காரர் மறுத்தால் வாதாடியாவது செய்ய வேண்டிய செலவு இது. கணினியை மட்டுமா, தொடும் கையையும் அது காக்கிறது.

5. அறையில் எத்தனை டிகிரி? ப்ராசஸர்களை ஒப்பிடும் வெளிநாட்டுச் சோதனைகள் பெரும்பாலும் 21 முதல் 25 டிகிரி வரையுள்ள அறைகளில் நடக்கின்றன. மே மாதம், கான்கிரீட் தளத்துக்கு நேர்கீழே, ஏசி இல்லாத அறை இரவு ஒன்பது மணிக்கும் தணலாகத்தான் இருக்கும். ஒரு கூலர், ப்ராசஸரை அறையை விட 60 டிகிரி கூடுதலில் நிறுத்திவைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 25 டிகிரி அறையில் ப்ராசஸர் 85-இல் நிற்கும். 38 டிகிரி அறையில் 98. ஐ5-12400-க்கு 100 டிகிரிதான் எல்லை. எல்லையைத் தொட்டதும் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காற்றை ஊதும் எந்தக் கூலரும் அறையின் வெப்பத்துக்குக் கீழே எதையும் குளிர்விக்காது. அந்த அறையில் 65 வாட் ப்ராசஸர் தன் முழு வேகத்தில் ஓடும். 253 வாட் வரை இழுக்கும் ஐ9-13900கே, விலை கொடுத்து வாங்கிய வேகத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். அதோடு அறையையும் இன்னும் சூடாக்கும்.

இதில் தூசும் சேர்கிறது. சிங்கப்பெருமாள்கோயில் சாலையில் கண்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடும் இடத்தில், சாலையோர வீட்டின் கணினியை ஆறு மாதம் கழித்துத் திறந்தால், கூலரின் தகடுகளுக்கிடையே சாம்பல் நிறத்தில் கம்பளி போட்டதுபோல் படிந்திருக்கும். முன்பக்கம் கண்ணாடியால் அடைத்து, உள்ளே நிறநிறமாக விளக்கு எரியும் கேபினெட் அழகாகத்தான் இருக்கிறது. காற்று நுழைய வழி வேண்டாமா? முன்னே வலை, அதன் பின்னே கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டர், காற்றை வெளியே தள்ளும் ஃபேன்களை விட உள்ளே இழுக்கும் ஃபேன்கள் அதிகம். இப்படி அமைத்தால் காற்று ஃபில்டர் வழியாகவே வரும். இடுக்குகள் வழியே தூசு உறிஞ்சப்படாது.

பெரிய பெயரில் பாதுகாப்பு இருக்கிறது என்ற எண்ணத்துக்கும் இங்கேயே பதில் சொல்லலாம். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசை ப்ராசஸர்களில் காரணமின்றி மென்பொருள்கள் முறிவதாகப் புகார்கள் வந்தபோது, அவை முதலில் குவிந்தது ஐ9 வாங்கியவர்களிடமிருந்து. தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் கேட்டதே காரணம் என்று 2024-இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. திருத்தம் இனி வரும் சேதத்தைத் தடுக்கும், முன்பே சேதமானதை மீட்காது. அந்தத் தலைமுறை ப்ராசஸரைப் பழையதாக வாங்குகிறவர் இதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

6. ‘இங்கேதானே தயாராகிறது?’ என்பது இந்த வட்டாரத்துக்கே உரிய வாதம். டெல் 2007-இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தது. எச்.பி.யின் மடிக்கணினிகள் இங்குள்ள ஃப்ளெக்ஸ் ஆலையில் பூட்டப்படுகின்றன. டிக்சனின் துணை நிறுவனமான பேட்ஜெட் 2024 டிசம்பரில் ஒரகடத்தில் 1000 கோடி ரூபாய் ஆலைக்குத் தமிழக அரசோடு ஒப்பந்தம் செய்தது. ஊருக்குப் பெருமைதான். ஆனால் இங்கே நடப்பது பூட்டும் வேலை. இன்டெல் ப்ராசஸரின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் மலேசியா, வியட்நாம் என்றிருக்கும். ரேமின் சில்லு கொரியாவிலிருந்தோ தைவானிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வருகிறது. உதிரி பாகம் வாங்க ஸ்ரீபெரும்புதூர்க்காரரும் ரிச்சி தெருவுக்குத்தான் பஸ் ஏறுகிறார். ஆலைக்குப் பக்கத்தில் இருப்பதால் பாகம் மலிவாகவோ தரமாகவோ கிடைத்துவிடாது.

ஆலையிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. கணினி பூட்டும் ஆலையில் மணிக்கட்டில் ரிஸ்ட் ஸ்ட்ராப் கட்டாமல் யாரும் போர்டைத் தொடுவதில்லை. திருகை எவ்வளவு இறுக்குவது என்பதற்கு அளவு உண்டு. மின் சுமையும் வெப்பமும் கணக்கிடப்பட்டு, அதற்குள் அடங்கும் ப்ராசஸரைத்தான் ஒரு மாடலில் போடுகிறார்கள். பூட்டி முடித்த கணினி ஓடவிட்டுச் சோதிக்கப்பட்ட பிறகே அட்டைப்பெட்டிக்குள் போகிறது. பகல் ஷிப்டில் இத்தனையும் செய்து பழகிய கைகள், அந்தக் கணக்கைத் தம் வீட்டுக் கணினிக்கும் போடலாம். கடைக்காரர் போட்டுத் தரும் பட்டியலை விட இந்தத் தொழிலாளருக்குத் தெரிந்தது அதிகம். அந்த அறிவுக்குக் கடைவாசலில் மதிப்பில்லாமல் போவதுதான், ப்ராசஸரின் பெயரே தகுதி என்ற எண்ணத்தால் விளையும் நஷ்டங்களில் பெரியது.

7. ‘மற்றதைப் பிறகு மாற்றலாம், ப்ராசஸரை மாற்ற முடியாது.’ எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இது. மேசைக் கணினியில் நிலைமை இதற்கு நேர்மாறு. கூலரைக் கழற்றி, சாக்கெட்டின் சிறு நெம்புகோலைத் தூக்கினால் ப்ராசஸர் கையில் வந்துவிடும். மதர்போர்டை மாற்றுவதென்றால் அத்தனை கேபிளும் அத்தனை திருகும் வெளியே வர வேண்டும். எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்று முடிவு செய்வதும் மதர்போர்டுதான்.

ஏ.எம்.டி.யின் ஏஎம்4 சாக்கெட் இதற்கு நல்ல சான்று. 2017-இல் சாதாரண ரைசன் ஒன்றோடு அந்த போர்டை வாங்கியவர்களில் பலர், 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 5800எக்ஸ்3டியை, பயாஸைப் புதுப்பித்துவிட்டு, அதே போர்டில் பொருத்தினார்கள். இன்டெல் பக்கம் 2020-இல் எல்ஜிஏ 1200, 2021-இல் எல்ஜிஏ 1700, 2024-இல் எல்ஜிஏ 1851. ஒன்றுக்கு வாங்கிய போர்டு அடுத்ததை ஏற்காது. பிராண்டட் அலுவலகக் கணினியைப் பழையதாக வாங்கி, பின்னால் கிராபிக்ஸ் கார்டு போடலாம் என்று நினைப்போருக்கு இன்னும் பெரிய தடை இருக்கிறது. அவற்றில் பலவற்றின் எஸ்.எம்.பி.எஸ். இணைப்பி வழக்கமான 24 முனை வகை அன்று. கடையில் கிடைக்கும் பெட்டி அதில் நேராகச் சேராது. உள்ளே இருப்பதோ பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டைத் தாங்காத சிறிய பெட்டி.

‘ரேமைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்’ என்பது மட்டும் நெடுங்காலம் சரியாகவே இருந்தது. ரேமின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கும் என்ற நம்பிக்கைதான் அதன் அடிப்படை. 2025-இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளத் தொடங்கியதும் விலை மளமளவென ஏறியது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், வீட்டுப் பயனர்களுக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த தன் குருசியல் வணிகத்தை மூடிக்கொள்வதாக அறிவித்தது. ஐ7-க்குக் கூடுதலாகக் கொடுத்து, ஒற்றை 8 ஜிபி பட்டையோடு வீட்டுக்கு வந்து, பக்கத்துத் துளையைக் காலியாக விட்டவர் இன்று அதை நிரப்பக் கடைக்குப் போனால், அன்று மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு கேட்கிறார்கள். உறவினர் ஒருவர் வீட்டில் சும்மா கிடக்கும் பட்டையை வாங்கிப் போடலாம் என்றால், எல்ஜிஏ 1700 போர்டுகளில் டிடிஆர்4 ஏற்பவை வேறு, டிடிஆர்5 ஏற்பவை வேறு. இரண்டின் நடுவெட்டும் ஒரே இடத்தில் இல்லை. ஒன்றின் துளையில் மற்றொன்று இறங்காது.